ஐந்து விநாடி

புன்டா அரீனஸில் காற்று அடிக்கும் நாட்களில்
முச்சந்திகளில் கயிறு கட்டிவைப்பார்கள்,
பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்க.

அந்த ஊரில், மீன் கிடங்குக்கு மேலே
ஹீட்டர் பாதி வேலை செய்யும் அறையில்
யாஸ்னா பாரியென்டோஸ் கேட்க வேண்டியிருந்தது
ஒரே ஒரு கேள்வி:
நீரிணையில் படகு ஓடுகிறதா?

அவளுக்கு முன் இருந்தவன்
அதைக் கேட்க அறுபத்தெட்டு வரி எழுதியிருந்தான்.
கதவைத் தட்டு. பெயரைச் சொல்.
என்ன மொழி புரியும் என்று சொல்.
பதில் துண்டு துண்டாய் வரும், எண்ணி ஒட்டு.
போகும்போது கதவைச் சாத்து.
அவன் சாத்த மறந்த கதவுகளால்
மாதம் ஒருமுறை
மூச்சுமுட்டிச் செத்தது கணினி.

எல்லாவற்றையும் அழித்தாள்.
சின்ன நூலகம் ஒன்றை இறக்கினாள்.
(நூலகம் என்று பெயர்தான்,
உள்ளே நாற்காலியும் கிடையாது, தூசியும் கிடையாது.)
இப்போது ஒரே வரி.
கெட், பக்கத்தில் முகவரி.
நம் எழுத்தில் அந்த ஒற்றைக் கொம்பை
இரட்டைக் கொம்பாக்கிப் பாருங்கள்,
அது செய்வது அவ்வளவுதான்:
கேட்.

இருநூறு என்றது சர்வர்.
ஓடுகிறது என்றது உள்ளே இருந்த சேதி.
நெடுஞ்சாலைத் திருப்பத்தில்
ஸ்லாட்டாவின் சாப்பாட்டுக் கடைச் சுவரில்
பலகை பச்சையானது.
யாஸ்னா நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்,
யாரும் பார்க்கவில்லை.

ஜூலையில் ஓர் இரவு
சர்வர் பதில் சொல்லவில்லை.
நானூற்று நான்கு என்றிருந்தால்
இல்லை என்று அர்த்தம்.
ஐந்நூற்று மூன்று என்றிருந்தால்
இப்போது முடியாது, போய் வா.
இரண்டும் பதில்தான்.
இது கதவைத் திறந்தது,
உட்காரச் சொன்னது,
உள்ளே போனது,
வரவே இல்லை.

நூலகத்துக்கு மரியாதை அதிகம்.
எவ்வளவு நேரம் என்று நீங்கள் சொல்லாவிட்டால்
எழுந்து வரவே வராது.
அடுத்த கேள்வியும் இதற்குப் பின்னால்
வரிசையில் நின்றது.
பலகையில் ஒன்பது நாற்பதின் பச்சை
அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

நிபால்டோ ஓயர்சூன்
முட்டை லாரியை
அந்தப் பச்சையை நம்பி, காபிகூடக் குடிக்காமல்
துறைக்கு விட்டான்.
படகு கட்டிக் கிடந்தது.
அவனுக்கு முன்னால் பதினெட்டு லாரி.
காற்றில் வண்டி தொட்டிலாய் ஆட
டீசல் முள் இறங்குவதையே பார்த்திருந்தவன்
நாலு மணிக்குப் பலகையிலிருந்த எண்ணை அழைத்தான்:
"உங்கள் பச்சைக்குக் கண் இருக்கிறதா, இல்லையா?"

யாஸ்னா போர்வையோடு உட்கார்ந்து
விளக்கக் குறிப்பைப் படித்தாள்.
பாதிப் பக்கத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில்:
காலவரம்பு தராவிட்டால் வரம்பில்லை.
எத்தனை முறை இதைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

எவ்வளவு கொடுப்பது?
ஒரு விநாடி போதாது,
பனி நாட்களில் இணைப்பே இரண்டு எடுக்கும்.
முப்பது, ஆமையைக் கூப்பிட்டு உட்காரவைத்த கதை.
ஐந்து என்று எழுதினாள்.
அழித்தாள்.
ஐந்து என்றே எழுதினாள்.

அதன் பிறகுதான் பெரிய சிக்கல்.
ஐந்து முடிந்ததும் என்ன சொல்வது?
மேலாளர் ரெனாட்டோ சொன்னார்:
"பழைய பதிலையே காட்டு.
தெரியாது என்று சொல்லவா
நமக்குச் சம்பளம் தருகிறார்கள்?"
அவள் தலையாட்டினாள்.
தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தாள்,
மஞ்சளில்:
தெரியவில்லை.
கடைசியாகத் தெரிந்தது 9:40.

அடுத்த வாரம் அதே காற்று.
ஸ்லாட்டாவின் கடையில் ஈரக் கோட்டோடு நின்று
பலகையை அண்ணாந்து பார்த்தான் நிபால்டோ.
மறுபடி அழைத்தான்.
"மஞ்சள் என்றால் என்ன?"
"எனக்கும் தெரியாது என்று அர்த்தம்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
யாஸ்னா தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள்,
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கில்
நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது,
பிறகு அவன் குரல், அவளிடம் இல்லை:
"ஒரு காபி. பெரிய கோப்பை."